சம்பந்திகள் உட்காராத மாலை

அந்த நாற்காலி நீலமா பச்சையா என்பதில் எனக்கே ஐயமுண்டு; அதை முன்னிட்டு மூண்ட போரில் மட்டும் ஐயமில்லை. ஏறி நின்றவர் யாராயினும் முகம் பாராமல் உண்மை உரைக்கும் எடைப்பொறியே, இதைச் சொல்லி முடிக்க எனக்கு மூச்சுக் கொடு! வாழ்க பெண்ணைப் பெற்றவர்! பழுதான மோட்டார்களுக்குச் செப்புக்கம்பி சுற்றிச் சுற்றியே தம் இடுப்பின் சுற்றளவையும் வளர்த்த வித்தகர், தொப்பைத்தேர் முன்செல்லத் தாம் பின்செல்லும் தீரர், சட்டைப் பொத்தான்களை நாள்தோறும் போர்முனைக்கு அனுப்பும் வேந்தர், வாழ்க!

எதிர்நின்றவர் பிள்ளையைப் பெற்றவர். வங்கியின் சுழல்நாற்காலியில் நெடுந்தவம் இருந்து, ஓய்வுபெறும் வேளையில் மலையொத்த மேனியை வரமாய்ப் பெற்ற மேலாளர். பிள்ளைகளின் கல்யாணத்தன்று அவர் முன்வரிசை சோபாவில் சாய்ந்திருக்க, பெண்ணைப் பெற்ற நம் நாயகரோ கடைசி விருந்தாளி போகும்வரை கைகூப்பி நின்றார். அந்த வலி முழங்காலைவிட்டு இறங்கவில்லை, நெஞ்சுக்கு ஏறிக்கொண்டது.

இரு தொப்பைகளையும் கண்டு அஞ்சி, பேட்டையின் உடல்பருமன் குறைப்புக் குழுவில் இருவரையும் சேர்த்துவிட்டவள் நாயகரின் மகள். துணிக்கடையில் வேலை. கடை முடிந்ததும் வந்து இருவரையும் அவளே அழைத்துப்போவாள்.

அன்று, குழுவை நடத்தும் நர்ஸ் கூடத்தின் நடுவே நின்று முழங்கினார்: "இனிமே இங்க யாரும் உட்காரக் கூடாது! உட்காருறதுதான் நம்ம மொத எதிரி. நின்னாலே பாதி கொழுப்பு கரைஞ்சிடும். தலை சுத்துறவங்களுக்கு மட்டும் ஒரே ஒரு சேர்!"

மற்ற நாற்காலிகள் அடுக்கப்பட்டுச் சிறைப்பட்டன. பயிற்சி முடிந்து எல்லாரும் கலைந்தனர். மகளுக்காகக் காத்திருந்த சம்பந்திகளும், நடுவில் அந்த ஒற்றை நாற்காலியும் எஞ்சினர். நாயகர் உள்ளம் கொதித்தெழுந்தது: அன்று உட்கார்ந்தவன் பெரியவன்; இன்றோ நிற்பவனே பெரியவன்! மகள் வரும்போது சம்பந்தி உட்கார்ந்திருக்க வேண்டும், தாம் நின்றிருக்க வேண்டும். அதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். முதல் அம்பை அவரே எய்தார்.

"நீங்க உட்காருங்க சம்பந்தி. மூச்சு வாங்குதே."

"எனக்கென்ன? உங்களுக்குத்தான் கால் நடுங்குது. கூச்சப்படாம உட்காருங்க."

"நடுக்கமா? உடம்பு லேசாயிடுச்சு சம்பந்தி, துள்ளுது!"

"உங்க வயசுக்கு உட்கார்ந்தா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

"அதெப்படி? மூத்தவங்க நீங்க நிக்கறப்ப..."

மரியாதை என்னும் கேடயத்துக்குப் பின்னே இரு மாமலைகளும் நின்றன. வியர்வை அருவியாய் இறங்க, முழங்கால்கள் முரசாய் அதிர, பாதங்கள் செருப்பைப் பிதுக்கிக்கொண்டு பரவ, இருவர் பார்வையும் அந்தப் பிளாஸ்டிக் அரியணையின் மேல் ஒருங்கே விழுந்து, வெட்கி, விலகி, மீண்டும் விழுந்தது.

கதவு திறந்தது. சம்பந்திகள் ஒரே கணத்தில் வயிற்றை உள்ளிழுத்து நிமிர்ந்தனர்.

"பாத்தியாம்மா, அப்பா இன்னும் உட்காரல!"

"நான் மட்டும் என்ன, நானுந்தாம்மா!"

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சாதனைதான் மாமா. எங்க கடையில காலையிலேர்ந்து நாங்க யாருமே உட்காரல. உட்கார்ந்தா சம்பளத்துல பிடிச்சிடுவாங்க."

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வீங்கியிருந்த கணுக்காலை அமுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அஞ்சு நிமிஷம்ப்பா. அப்புறம் போலாம்."

வெற்றிமாலை ஏந்தி வந்த புகழ்மகள் எவர் கழுத்தில் இடுவதென்று அறியாமல் திகைத்தாள். நாயகரோ மகளின் கால்களைப் பார்த்தபடியே நின்றார்.

மாதக் கடைசியில் சம்பந்திகள் இருவரும் கொஞ்சம் இளைத்திருந்தார்கள். மகளுக்குக் கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது.