நானூற்றுப் பன்னிரண்டு ஏசியும் ஒரு விண்ணப்பமும்

‘நம்ம கை பட்டது’ ஆசாமி என்று ஒரு ரகம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. கொத்தனாரில் உண்டு, தையல்காரரில் உண்டு, பல் டாக்டரில்கூட உண்டு. ஆனால் அந்த ரகத்தில் முற்றிக் கனிந்த உருப்படியைப் பார்க்க வேண்டுமென்றால், கோடையில் வீட்டைக் குளிரவைத்து, குளிர்காலத்தில் சூடாக்கிக் கொடுக்கிறாரே, அந்த ஏசிக்காரரிடம்தான் போக வேண்டும்.

நாம் பார்க்கப் போகிறவருக்கு வயது அறுபத்தொன்று. படிப்பு ஐந்தாவதோடு சரி. இளக்காரமாக நினைத்துவிடாதீர்கள். படித்தவர்கள் கோணலாகப் பொருத்திவிட்டுப் போன மெஷின்களை இறக்கி, நேராகப் பொருத்தியே மூன்று மாடி வீடு கட்டினவர். சுவரில் காதை வைத்தால் போதும், உள்ளே எந்தக் குழாயில் காற்றுக் கசிகிறது என்று சொல்லிவிடுவார். மீட்டர் வைத்துப் பார்க்கிறவர்கள் அரை மணி நேரம் கழித்து அதையேதான் சொல்வார்கள்.

அவரோடு ஒரு தெருவில் நடந்து பாருங்கள். மனிதர்கள் இருக்கிற உயரத்தில் அவர் கண் நிற்காது. மாடிச் சுவர், ஜன்னலுக்கு மேல், பால்கனி மூலை என்று ஆகாயத்திலேயே மேய்ந்துகொண்டு, எதிரே வரும் சைக்கிளையும் பார்க்காமல், காலுக்குக் கீழே பள்ளத்தையும் பார்க்காமல், உங்கள் தோளைத் தட்டித் தட்டி, ‘அது நம்ம கை பட்டது, இது நம்ம கை பட்டது, அந்த மூணாவது மாடி நம்ம கை பட்டதில்ல, பாத்தாலே தெரியுதில்ல?’ என்று தெரு முடிகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே வருவார். நமக்கு ஒன்றும் தெரியாது. தலையை ஆட்டி வைப்போம்.

துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் இதே கதைதான். செத்துப்போனவர் படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் தணிந்த குரலில் கேட்டார்:

“எப்படிம்மா இருக்கு?”

“என்னத்தைச் சொல்றது. தூக்கமே வரல.”

“ஏன், சத்தம் போடுதா?”

இப்படிப்பட்டவரிடம் போய் லைசென்ஸ் இருக்கா, பர்மிட் இருக்கா என்று கேட்டால் என்ன சொல்வார்? “மெஷினுக்குத் தெரியுமா, எங்கிட்ட காகிதம் இருக்கா இல்லையான்னு?” இதைச் சொல்லிவிட்டு, கோர்ட்டில் கேஸ் ஜெயித்த மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்.

அந்த நகரத்துச் சட்டமோ வேறு மாதிரி. ஒவ்வொரு மெஷினுக்கும் முதலில் நகராட்சியில் பர்மிட் வாங்க வேண்டும். பர்மிட்டோ, லைசென்ஸ் உள்ளவருக்குத்தான். லைசென்ஸோ, பரீட்சை எழுதித் தேறினவருக்குத்தான். அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, இரண்டாவது தடவையில் தேறி, லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருந்தார். நம்மவர் அவருக்கு வைத்த பெயர் ‘பேப்பர் மெக்கானிக்’. மச்சினன் சிரித்துக்கொள்வார். சட்டம் போட்டு மாட்டினவர்களுக்குச் சிரிப்பு சுலபமாக வரும்.

அந்தச் சமயத்தில்தான் பிரசவ ஆஸ்பத்திரி வேலை வந்தது. ஐந்து மாடி. பிறந்த குழந்தைகளைப் படுக்கவைக்கிற அறை முதல் சமையல்கட்டு வரைக்கும் சூடும் குளிரும் சொன்னபடி கேட்க வேண்டும். இப்படியொரு வேலைக்காக அவர் ஆயுள் பூராவும் காத்திருந்தார். ஆஸ்பத்திரியை நடத்துகிற டாக்டரம்மாவும் கறாராகச் சொல்லிவிட்டார்:

“வேலை உங்களுக்குத்தான். ஆனா பர்மிட்டுக்கு ஒரு லைசென்ஸ் நம்பர் வேணும். முதல் தேதிக்குள்ள கொண்டு வாங்க. இல்லேன்னா உங்க மச்சினன்கிட்ட குடுத்துடுவேன்.”

கடைசி வாக்கியம்தான் குத்தியது.

விசாரித்ததில் ஒரு நல்ல சேதி கிடைத்தது. பன்னிரண்டு வருஷ அனுபவம் இருந்தால் எழுத்துப் பரீட்சை வேண்டாம். செய்த வேலைகளின் பட்டியல் கொடுத்தால் போதும். அடடா! இதற்காகத்தானே மனிதர் பிறந்ததே. மனைவியை உட்காரவைத்து, இரண்டு வாரம் சொல்லச் சொல்ல எழுதவைத்தார்.

“எந்த வருஷம்னு கேட்டிருக்காங்க.”

“பெரியவன் பொறந்த வருஷம்.”

“அடுத்தது?”

“உங்க அக்கா எங்கிட்ட பேசறதை நிறுத்தின வருஷம்.”

“அது ரெண்டு தடவை நிறுத்தினா.”

“மொத தடவை.”

“சரி. பர்மிட் நம்பர்னு ஒரு கட்டம் இருக்குங்க. அதுல என்ன எழுத?”

“கோடு போடு.”

“எல்லாத்துக்குமா?”

“ஸ்கேல் வச்சுப் போடும்மா. அழகா இருக்கட்டும்.”

நானூற்றுப் பன்னிரண்டு வேலை. நானூற்றுப் பன்னிரண்டு கோடு. முப்பத்தைந்து பக்கத்தையும் நூல் போட்டுத் தைத்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவியோடு நகராட்சிக்குப் போனார்.

லைசென்ஸ் அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மா. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பத்தாவது பக்கத்தில் தண்ணீர் குடித்தார். இருபதாவது பக்கத்தில் கண்ணாடியைத் துடைத்தார். நம்மவர் மனைவியின் பக்கம் சாய்ந்து, “அசந்துட்டாங்க பாத்தியா” என்றார்.

“ஐயா, இது அத்தனையும் நீங்களே போட்டதா?”

“ஒண்ணு விடாம, மேடம்.”

“எதுக்கும் பர்மிட் வாங்கல?”

“ஒண்ணுக்கும் வாங்கினதில்ல, மேடம்.” நெஞ்சு நிமிர்ந்தது.

“ஐயா, அனுபவப் பட்டியல்னா லைசென்ஸ் உள்ளவர்கிட்ட வேலை பாத்தது. இது அனுபவப் பட்டியல் இல்ல. வாக்குமூலம். பர்மிட் இல்லாம ஒரே ஒரு மெஷின் போட்டிருந்தாலும் அஞ்சு வருஷத்துக்கு லைசென்ஸ் கிடையாது. நீங்க நானூத்திப் பன்னெண்டு எழுதிக் குடுத்திருக்கீங்க. தைச்சு வேற குடுத்திருக்கீங்க.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த அதிகாரி நல்லவர். இப்படியும் சில பேர் ஆபீசுகளில் இருக்கத்தான் செய்கிறார்கள். பட்டியலை மெதுவாக மேஜையின் இந்தப் பக்கமே தள்ளிவிட்டார். “இதை நீங்க குடுக்கல, நான் பாக்கல. புது ஆளா விண்ணப்பம் போடுங்க. எழுத வராதவங்களுக்கு வாயாலயே பரீட்சை இருக்கு. நாளைக்கு வந்தீங்கன்னா முதல் தேதிக்குள்ள லைசென்ஸ் கையில. இந்த ஒரு வரிக்குக் கீழ மட்டும் கையெழுத்துப் போடுங்க.”

மனைவி அந்த வரியைப் படித்தார்: “இந்நகரில் இதுநாள்வரை எந்தக் குளிரூட்டும் அல்லது சூடேற்றும் கருவியையும் நான் பொருத்தியதில்லை.”

“இன்னொரு தடவை படி.”

படித்தார்.

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூடத்தான்.”

“மேடம், ஒரு பத்து மட்டும் வச்சுக்கலாமா? சின்னச் சின்னதா?”

“ஐயா!”

பேனாவை வாங்கினார். மூன்று மாடி வீட்டின் பத்திரத்தில் ஒரே இழுப்பில் போட்ட கையெழுத்து, இங்கே எழுத்துக் கூட்டிக் கூட்டி வந்தது. ஆனால் போட்டுவிட்டார். ஆஸ்பத்திரி கைக்கு வந்துவிட்டது. மனைவி நாற்காலியில் சாய்ந்து, வீட்டை விட்டுக் கிளம்பினதிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டார். அதிகாரி ரப்பர் ஸ்டாம்பை மையில் அழுத்தினார்.

அழுத்தினவர் சும்மா குத்தியிருக்கலாம். நல்லவர்களிடம் உள்ள கோளாறே இதுதான். உபகாரம் செய்த கையோடு நாலு வார்த்தை புத்திமதியும் சொல்வார்கள்.

“புதுசா தொழிலுக்கு வர்றீங்க. ஒண்ணு சொல்றேன். அந்த ஃபைல் அலமாரிக்கு மேல இருக்கு பாருங்க, ஏசி. பதினாறு வருஷம். ஒரு சத்தம் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. பைப் திரும்புற இடத்தைப் பாருங்க, ஒரு நசுங்கல் உண்டா? எந்தப் புண்ணியவானோ மனசு வச்சு செஞ்சிருக்கான். அந்த மாதிரி வேலை உங்களுக்கு வர இன்னும் பத்து வருஷமாவது ஆகும்.”

நம்மவர் நிமிர்ந்து பார்த்தார். காது மடல் சிவந்தது. மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்தார். எட்டு நொடி. முழுசாக எட்டு நொடி பொறுத்தார். இதை அவர் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

“அது நம்ம கை பட்டது, மேடம்.”

ஸ்டாம்பு அந்தரத்தில் நின்றது. அதிகாரி முகத்தில் ஓர் அசைவு இல்லை.

“என்ன சொன்னீங்க? எனக்கு இந்தக் காது கொஞ்சம் மந்தம்.”

“ஒண்ணும் சொல்லல, மேடம், இருமினாரு” என்றார் மனைவி, கணவரின் காலை மிதித்துக்கொண்டே.

“யாரு இருமினது?” என்று எழுந்தார் நம்மவர். அதிகாரியின் மற்றக் காதுப் பக்கம் சுற்றிப் போனார். வாசல் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் குரலை உயர்த்தினார். “நம்ம கை பட்டது, மேடம்! இந்த வளைவு இருக்கு பாருங்க, மணலைப் போட்டு நிரப்பி வளைச்சேன். அதான் நசுங்கல. ஊர்ல வேற எவனுக்கும் இது வராது!” அதோடு நிறுத்தினாரா? நாற்காலியில் ஏறி, ஏசியின் மூடியைத் திறந்து, உள்ளே ஆணியால் கீறிவைத்திருந்த தன் பெயரின் முதலெழுத்தையும் வருஷத்தையும் அதிகாரிக்குக் காட்டினார். அதிகாரி படித்தார். வரிசையில் நின்றவர்களும் படித்தார்கள். இனி எந்தக் காது மந்தமாக இருந்து என்ன பிரயோஜனம்?

அதிகாரி அந்த ஸ்டாம்பை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். பட்டியலைத் தம் பக்கம் இழுத்து, அதில் விட்டுப்போயிருந்த இந்த மெஷினுக்காக நானூற்றுப் பதின்மூன்றாவது வரியில் தம் அலுவலகத்தின் முகவரியைத் தாமே எழுதினார். எவ்வளவு தேடியும் அந்த மெஷினுக்கும் பர்மிட் அகப்படவில்லை என்பதும், அதைக் கேட்டு மேலிடத்திலிருந்து அந்த அதிகாரிக்கே ஒரு கடிதம் வந்தது என்பதும் தனிக் கதை.

ஆஸ்பத்திரி வேலையை மச்சினன் எடுத்தார். நம்மவர் அங்கே ‘உதவியாளர்’ என்று எழுதின தொப்பியோடு ஏணியில் நிற்கிறார். மனைவி ஒரு வாரம் பேசவில்லை. நம்மவருக்கு வருத்தமா என்று கேட்கிறீர்களா? டீக்கடையில் அவர் சொல்வதைக் கேளுங்கள்: “லைசென்ஸ் குடுக்கிற அம்மாவே என் வேலையைப் பாத்துச் சொல்லிட்டாங்கப்பா, எனக்கே அந்த மாதிரி வர இன்னும் பத்து வருஷம் ஆகுமாம்!”

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற அறையை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். நீங்கள் அடித்த ஆணி, நீங்கள் வளர்த்த செடி, நீங்கள் திருத்திக் கொடுத்து இன்னொருவர் பெயரில் போன கடிதம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதைக் காட்டி, முன்பின் தெரியாத ஒருவர், ‘இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று உங்களிடமே சொல்கிறார். வாயைத் திறந்தால் சோறு போய்விடும். திறப்பீர்களா, மாட்டீர்களா?

நம்மவர் எட்டு நொடி தாங்கினார். உங்களுக்கு நாலு போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.