காலித் தொட்டிக்குத் தீனி

மீன் வளர்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மீன் தின்பவர்களோடு பந்தியில் உட்கார்ந்திருப்பீர்கள். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு: காலித் தொட்டி வளர்ப்பவர். எங்கள் மாடி வீட்டில் ஒருவர் இருக்கிறார். அவரைத் தொட்டியார் என்போம்.

காலையில் பல் தேய்த்த கையோடு, ஹாலில் மீன்கள் துள்ளும் பெரிய தொட்டியை ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டி, மனைவி துணி மடிக்க வாங்கிய மேஜையை இரண்டு வருடமாக ஆக்கிரமித்திருக்கும் சின்னத் தொட்டிக்கு முன்னால் போய் நின்று, ஒரு சிட்டிகை மீன் தீனியைத் தூவி, "சாப்பிடுங்கப்பா" என்பார். உள்ளே தண்ணீர் இருக்கும். குமிழி விடும் வடிகட்டி இருக்கும். மீன் மட்டும் இருக்காது.

யார் சாப்பிடுவது? அதை அவரிடம் கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன், முக்கால் மணி நேரம் போயிற்று. மீனுக்கு நோய் வந்தால் தனியாக வைக்க ஒரு தொட்டி வேண்டுமாம். மீனின் கழிவு தண்ணீரில் விஷமாகுமாம். அதைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா வடிகட்டியின் பஞ்சில் குடியிருக்கிறதாம். மீன் இல்லாவிட்டால் அது பட்டினியில் செத்துவிடும். ஆகவே தீனியைப் போட்டு அழுகவிட வேண்டுமாம். அதாவது, வராத விருந்தாளி போடப்போகும் குப்பையைக் கூட்ட ஆள் வைத்து, அந்த ஆள் சோம்பிவிடக் கூடாதே என்று தினமும் தானே குப்பை கொட்டுகிறார்!

வீட்டுக்கு வருகிறவர்கள் மனைவியிடம் கேட்பார்கள்: "மீன் எங்கேம்மா?"

"உள்ள இருக்காங்களாம். பல கோடிப் பேராம். எனக்குத்தான் கண்ணு தெரியல."

வாரம் ஒருமுறை கண்ணாடிக் குழாயில் அந்தத் தண்ணீரை எடுத்து, மருந்து சொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பார். "விஷம் சைபர்! சைபர்!" என்று குதிப்பார்.

"பாப்பா கணக்குல சைபர் வாங்கினப்ப இவ்வளவு சந்தோஷப்படலையே நீங்க" என்பார் மனைவி.

ஒருநாள் மின்சாரம் போயிற்று. "ஏங்க, என் தம்பி லிஃப்டுல மாட்டிக்கிட்டான்!" என்று மனைவி அலறினார். தொட்டியார் பேட்டரிப் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம், சின்னத் தொட்டியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். "மச்சானுக்கு அரைமணி நேரம் ஒண்ணும் ஆகாது. இதுங்களுக்கு மூச்சு முட்டிடும்!"

கடைசியில் அந்தத் திருநாள் வந்தது. மகளின் செல்ல மீன், ஆரஞ்சு நிறக் குண்டன், வால் நுனி கரைந்து, பெரிய தொட்டியின் அடியில் சாய்ந்து கிடந்தான். இரண்டு வருடத் தவத்துக்கு வரம் கிடைத்தால் முகம் எப்படி இருக்கும்? அப்படி ஒரு முகத்தோடு வலையை எடுத்தார். மருந்துப் புட்டியின் சீட்டைப் படித்தார். வலை பாதியில் நின்றது.

"என்னப்பா?" என்றாள் மகள்.

"இந்த மருந்தைப் போட்டா... பாக்டீரியாவும் செத்துடும்டா."

"அப்ப குண்டன் செத்தாப் பரவாயில்லையா?" மகளின் உதடு பிதுங்கியது.

"சேச்சே, யாரு அப்படிச் சொன்னா? பக்கெட் இருக்கே!"

தரை துடைக்கும் சிவப்புப் பக்கெட்டைத் தேய்த்துக் கழுவி, குண்டனை அதில் விட்டு, மருந்து போட்டார். பத்து நாள். காலையும் மாலையும் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினார். இடுப்பு பிடித்துக்கொண்டது, அலுவலகத்துக்கு இரண்டு நாள் விடுப்பு, வீடெல்லாம் குளம். மகள் பக்கெட் பக்கத்திலேயே பாய் போட்டுக்கொண்டாள். பதினோராம் நாள் குண்டன் வாலை ஆட்டித் துள்ளி அவர் மூக்கில் தண்ணீர் அடித்தான். மகள் கத்திய கத்தலில் நான் கீழ் வீட்டிலிருந்து மேலே ஓடினேன்.

"பார்த்தியா தம்பி!" தொட்டியார் என்னைப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஆடினார். "மீனும் பொழைச்சிடுச்சு, தொட்டிக்கும் ஒண்ணும் ஆகல!"

"இனிமேலாவது இவனை அந்தத் தொட்டியில ஒரு வாரம் வச்சுப் பாருங்களேன்" என்றார் மனைவி.

"அதுலயா? நோயாளியையா?" அவர் பதறிப்போனார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் மேஜை இழுப்பறையில் நல்ல பேனா ஒன்று இருக்கிறதே, மை உறைந்துவிடக் கூடாதென்று வாரம் ஒருமுறை பழைய காகிதத்தில் கிறுக்கிப் பார்த்து, துடைத்து, மூடி வைக்கிறீர்களே, அது எதற்கு? கையெழுத்துப் போடும் நேரம் வந்தால் மட்டும் பக்கத்தில் நிற்பவரிடம், "சார், ஒரு நிமிஷம் பேனா கிடைக்குமா?" என்கிறீர்கள், இல்லையா?