ஆராய்ச்சி வேலையில் சோப்பு தருவார்களா?

ஆய்வறிக்கையில் நான் ஒருநாளும் பொய் எழுதியதில்லை. பொய்யெல்லாம் வீட்டில்தான் சொன்னேன்.

எங்கள் விம்கோ நகரில் யாருக்காவது வேலை கிடைத்தால் சம்பளத்தைக் கடைசியாகத்தான் கேட்பார்கள். பி.எஃப். உண்டா, ஈ.எஸ்.ஐ. உண்டா, போனஸ் எவ்வளவு, மாதாமாதம் கம்பெனியில் என்ன சோப்பு தருகிறார்கள் என்பதெல்லாம் முதலில். என் நைனா முப்பது வருடம் தொழிற்சாலையில் உழைத்தவர், யூனியன்காரர். நான் பல்கலைக்கழகத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்த அன்றே வரிசையாகக் கேட்டார். உண்மையில் எனக்கு வெறும் தொகுப்பூதியம். வருடாவருடம் நீட்டித்தால் வேலை, இல்லையென்றால் வீடு. (தங்கப்பதக்கம் வாங்கியவள் இதை எந்த வாயால் சொல்வது?) எல்லாவற்றுக்கும் "உண்டு நைனா" என்றேன். தீபாவளிக்கு நானே ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி, "யூனிவர்சிட்டில குடுத்தாங்க" என்று நீட்டினேன். அவர் அதைத் தெரு முழுக்க விநியோகித்தார்.

வருடம் முடிந்தது. நீட்டிப்பு நேர்காணலன்று நைனா இஸ்திரிச் சட்டையும் ஆப்பிள் பையுமாகக் கிளம்பி நின்றார்.

"இவ்ளோ செய்றாங்க. ஒரு தேங்க்ஸ் சொல்ல வாணாவா?"

வராண்டாவிலேயே உட்காரவைத்துவிடலாம் என்று நினைத்தேன். என் பேராசிரியர் நல்ல மனிதர். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கெட்டவராக இருந்திருக்கலாம். "அப்பாவா? உள்ளே வாங்க" என்றார். உள்ளே தேர்வுக்குழு நிபுணர்கள் வேறு இரண்டு பேர்.

"சார், பொண்ணுக்கு பி.எஃப்பு, போனஸு, ஸ்வீட்டு எல்லாம் கரெக்டா குடுக்கறீங்க. ரொம்ப சந்தோஷம்" என்றார் நைனா.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். (மூன்றாவது மாடி.)

"இந்த வேலையில அதெல்லாம் கிடையாதே ஐயா" என்றார் பேராசிரியர்.

நைனா என் பக்கம் திரும்பவே இல்லை. அது வலித்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த உட்கார்தல் எனக்குத் தெரியும். பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது, என் வேலை போய்விட்டது என்று முடிவு செய்தேன்.

"பி.எஃப்பு ரூல்ல இல்லன்னா வுடுங்க சார். எண்ணூர் கழிமுகத்துல முட்டி வரைக்கும் சேத்துல எறங்கி மண்ணு அள்ளிகினு வருது பொண்ணு. வூட்டுக்கு வரச்சொல்லோ அவ்ளோ கலீஜா கீது. மாசம் ஒரு சோப்பு கூடவா கெடையாது?"

பேராசிரியர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சோப்பை எந்தச் செலவுல ஐயா எழுதறது?"

"ரசாயனப் பொருள்னு எழுதலாமே" என்றார் ஒரு நிபுணர், ஆப்பிள் பையைப் பார்த்தபடி.

"ஆடிட்ல கேப்பாங்க" என்றார் பேராசிரியர்.

வேலை இன்னொரு வருடம் நீண்டது. சோப்பு வரவில்லை. திரும்பும் பஸ்ஸில், திருவொற்றியூர் தாண்டிய பிறகுதான் நைனா வாய் திறந்தார். "அந்த மைசூர்பாகு நல்லா இருந்திச்சி. இன்னா வெல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு வருடம் முடித்துவிட்டு அங்கிருந்து வந்தேன். என் கல்யாணத்துக்குப் பேராசிரியர் கனமான பெட்டி ஒன்று கொடுத்தார். நைனா பொறுமையில்லாமல் மேடையிலேயே பிரித்தார். உள்ளே சோப்புகள். சம்பந்தி வீட்டார் விழிக்க, ஒவ்வொன்றாக எண்ணினார்.

"இருவத்தி நாலு. ரெண்டு வருச அரியர்ஸு, கரெக்டா கீது."

இப்போது நான் நிரந்தர வேலையில் இருக்கிறேன். போன மாதம் என் சொந்தத் திட்டத்துக்கு முதல் உதவியாளரை எடுத்தேன். அதே தொகுப்பூதியம், அதே சேறு. வீட்டில் சொன்னதும் நைனா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சோப்பு குடுக்கறியா?"

கொடுக்கிறேன், என் கைக்காசில். ஆடிட்டுக்குப் பதில் சொல்லிவிடலாம், நைனாவுக்கு முடியாது.