ஒத்திகையும் ஒத்திவைப்பும்

ஒத்திவைப்பார் என்றோர் இனம் உண்டு, வாசகரே. விலங்கியல் நூல்களில் தேட வேண்டாம். நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்ட எந்தக் கூடத்திலும், நடுநாயகமாக, மைக்கைத் தட்டியபடி அமர்ந்திருக்கும்.

எங்கள் குடியிருப்பின் இரசாயன விபத்து முன்னேற்பாட்டுக் குழுவுக்குத் தலைவராக வாய்த்தவர் இவ்வினத்தின் அசல் வித்து. தெருக்கோடி ஐஸ் தொழிற்சாலையில் அம்மோனியா கசிந்தால் மக்கள் எங்கே ஓடுவது என்று முடிவு செய்வதற்காகக் கூடிய குழு, அவர் தலைமையில், பெயர்ப்பலகையின் நிறத்தை விவாதித்து, பலகையைத் திறந்துவைக்க யாரை அழைப்பதென்று விவாதித்து, அழைக்கப்பட்டவர் வராததைக் கண்டித்து, இறுதியில் களைத்துப்போய், தொழிற்சாலை மதிலை ஒட்டிய மைதானத்தில் அனைவரும் கூடுவதென்று தீர்மானித்தது. காரணம்? அங்கே நிழல் உண்டு.

"காத்து அந்தப் பக்கம்தானே அடிக்குது, ஐயா? ஒருதடவை ஒத்திகை பாத்துடலாமே" என்றேன். நான் கேட்டதற்கு ஆதாரம் வேண்டுவோர் வீட்டுக்கு வரலாம். கூட்டக் குறிப்புகளின் நகல்கள் அடுக்கிய அலமாரி திறந்தே இருக்கிறது.

"தம்பி சொல்றது நல்ல யோசனை" என்றார் தலைவர். "ஒத்திவைப்போம்."

ஒத்திகை என்ற சொல் அவர் செவியில் நுழையும்போதே பின்பாதி மாறிவிடும். கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டேன். கூட்டத்துக்குக் கூட்டம் காற்று ஒத்திவைக்கப்பட்டது. அழைப்பிதழ் வரட்டும் என்று காத்திருக்குமா காற்று?

ஒரு பிற்பகல், தலைமையுரையின் நடுவே, மூக்கைத் துளைக்கும் நெடி புகுந்தது. தொழிற்சாலைச் சங்கு அலறியது.

"எல்லாரும் மைதானத்துக்கு!" என்று தலைவர் முழங்க, கூட்டம் முன்வாசலுக்குப் பாய்ந்தது. வாசலை மறித்து நின்றார் குழுவின் செயலாளர். தலைவரின் மனைவியும் அவரே.

"எங்க போறீங்க? காத்து அங்கதான் அடிக்குது! துணியை நனைச்சு மூக்குல கட்டிக்கிட்டு, பின்வாசல் வழியா நூலகத்துக்கு நடங்க!"

"அது தீர்மானத்துல இல்லையேம்மா!" என்றார் தலைவர்.

"மூக்குல இருக்கேங்க!"

தீர்மானம் தோற்றது, மூக்கு வென்றது. கசிவைத் தொழிலாளர்கள் விரைவில் அடைத்துவிட்டார்கள், ஒருவருக்கும் தீங்கில்லை. நூலகத்து வாசலை முதலில் அடைந்தவர் யார் என்கிறீர்கள்? தலைவர்தான். ஈரத் துண்டை அவிழ்த்தார், மூச்சு வாங்கினார், அறிவித்தார்:

"இன்னைக்கு ஒத்திகை மாபெரும் வெற்றி!"

"அப்ப கூடுற எடத்தை மாத்திடலாமா, ஐயா?" என்றேன்.

"அதை ஒத்திவைப்போம்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வாசலில் இந்நேரம் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது? எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன். என்ன, பக்கத்தை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்கிறீர்களா?

வணக்கம், தலைவரே!