வாய்க்கு ஜிப் வைத்தாள், காது வைக்கவில்லை

காரைக்கால்,
செவ்வாய்க்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய ரஃபீக் மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை சுல்தான் பீவியின் கணவன் கமாலுதீன் பணிவோடு எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே நானும் தங்கள் தங்கையும் தங்கள் மருமகள் தஹ்ஸீனும் உடல் சுகத்துடன் இருக்கிறோம். பரங்கிப்பேட்டையில் தாங்களும் வீட்டாரும் அவ்வண்ணமே இருக்க துஆ செய்கிறேன். உடல் சுகம் என்று எழுதினேனே தவிர மனசு சுகம் என்று எழுதவில்லை என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். அது விஷயமாகத்தான் இந்தக் கடிதம். இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைக்க வேண்டாம். இந்த வீட்டில் போன் பேசினால் சமையல்கட்டு வரை கேட்கும். வாட்ஸாப்பில் எழுதலாமென்றால், என் போனைத் திறக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் மூன்று பேர், அதில் நான் மூன்றாவது.

மச்சான், இருபத்தெட்டு வருஷம் துபாயில் ஒரு கம்பெனிக் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்துவிட்டு, போன நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம் ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தவன் நான். நம் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளையாக வந்து ஏறிய வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. லீவில் வந்த காலத்தில் காலையில் இடியாப்பம், மத்தியானம் கறி, ராத்திரி கோழி என்று என்னைத் தாங்கினார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள், எனக்கு நாற்பத்தைந்து நாள் வரை நடந்தது. ஒரேயடியாக வந்த பிறகு ஒரு மாதம் நடந்தது. இப்போது முந்தாநாள் மீன் ஆணத்தைச் சூடு பண்ணி வைத்துவிட்டு, "போட்டுச் சாப்டுங்க, எனக்குக் கையெல்லாம் பசை" என்கிறாள் தங்கள் தங்கை. அந்தப் பசையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எதிர்வீட்டு உமாமகேஸ்வரி அம்மாவைத் தங்களுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரும் தங்கள் தங்கையும் சேர்ந்து, வீட்டில் கிடக்கிற தகரம், துணி, காகிதம் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டிச் சுவரில் மாட்டுகிற ஒரு வேலையை ஆரம்பித்திருக்கிறார்கள். நான் வருவதற்கு மூன்று வருஷம் முன்பே ஆரம்பித்துவிட்டார்களாம், எனக்குச் சொல்லவில்லை. முதலில் சும்மா பொழுதுபோக்கு என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் டீ போட பால்பவுடர் தேடினால் பவுடர் ஒரு பாலிதீன் பையில் இருக்கிறது, டப்பாவைக் காணோம். நான் ஒவ்வொரு லீவிலும் சுமந்து வந்த டப்பாக்கள், மச்சான், அத்தனையும் தகரக் கத்தரியால் பிளந்து தட்டி நிமிர்த்தி அடுக்கி வைத்திருக்கிறாள். ஒரு துண்டு என் உள்ளங்காலைக் கிழித்து ஊசி போட்டுக்கொள்ள நேர்ந்தது. பிறகு, நான் ஏர்போர்ட்டுக்கென்று வைத்திருந்த சாம்பல் நிறப் பேன்ட்டைத் தேடினேன். இடுப்பு மட்டும் கொடியில் தொங்குகிறது, இரண்டு காலும் இல்லை. "இனிமே எந்த ஏர்போர்ட்டுக்குப் போவப் போறீங்க?" என்று கேட்டாள். சரி, போகட்டும் என்று விட்டேன். அடுத்த வாரம் என் பெரிய பெட்டியைப் பரண் மேலிருந்து இறக்கிப் பார்த்தால், ஜிப்பைச் சுற்றிலும் பிரித்து எடுத்துவிட்டிருக்கிறாள். மீன் வியாபாரி வயிற்றைக் கீறி வைத்த மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது பெட்டி. இதற்கு என்ன அர்த்தம் மச்சான்? ஒரு மனிதன் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் எங்காவது போய் இருக்கலாமென்றால்கூடப் பெட்டி இல்லாதவனாக ஆக்கிவிட்டாள்.

பிறகுதான் அந்த ஜிப் போன இடம் தெரிந்தது. ஆளுயரப் பலகை ஒன்றில் ஒரு ஆளைச் செய்து நிறுத்தியிருக்கிறாள். கால் இரண்டும் என் பேன்ட். உடம்பு, தொண்ணூற்றேழில் நான் வாங்கி வந்த புலிப் போர்வை. கைகள் பால்பவுடர் டப்பாத் தகரம். ஒரு கை ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டிருக்கிறது. தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் துணி வட்டம். அதில் கண் இல்லை, மூக்கு இல்லை, காது இல்லை. வாய் மட்டும் இருக்கிறது. வாய் என்பது என் பெட்டியின் ஜிப், முக்கால்வாசி திறந்தபடி. திறந்த ஜிப்பிலிருந்து நீல ஏர்மெயில் தாள் நாடா நாடாவாகக் கொட்டி, ஆளின் முழங்கால் வரை வந்து குவிந்து கிடக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தேன். என் கையெழுத்து.

செல்போன் வருவதற்கு முன்னால் பத்து வருஷம், மாதம் இரண்டு வீதம் நான் எழுதிய கடிதங்கள் அவை. கிடங்கில் வேலை முடிந்து, எட்டுப் பேர் படுக்கிற அறையில் கட்டிலின் மேல்தட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினேன். அவற்றை வரி வரியாகக் கத்தரித்திருக்கிறாள்.

கோபத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றாமல், "உருவம் செய்யலாமா? மார்க்கத்தில் அது கூடுமா?" என்று கேட்டேன்.

"கண்ணு, மூக்கு வச்சாத்தானே உருவம்? இது பேன்ட்டும் போர்வையும். அதுக்காவத்தான் மூஞ்சியே வைக்கல" என்றாள்.

"வாய் மட்டும் வச்சிருக்கியே?"

"அது ஜிப்பு."

"காதாவது வச்சிருக்கலாமுல்ல?"

"பத்து வருஷமா கடுதாசில பேசுனது நீங்க. காதுக்கு அங்க என்ன வேல?"

தஹ்ஸீன் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். பெற்ற மகள்.

இதோடு நின்றிருந்தால் நான் தங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை டவுனில் ஒரு ஹாலில் பெண்கள் கைவேலைக் கண்காட்சி வைத்தார்கள். அங்கே இதைக் கொண்டுபோய் வாசலுக்கு நேராக நிறுத்திவிட்டார்கள். நானும் போனேன், போகாவிட்டால் பொறாமை என்பார்கள். கோட்டுச்சேரியிலிருந்தும் நெடுங்காட்டிலிருந்தும் பஸ் ஏறி வந்த பெண்கள் எல்லாம் வரிசையில் நின்று, குனிந்து, என் கடிதங்களை வாய்விட்டுப் படித்தார்கள். "அரிசி மூட்டையை வெறுந்தரையில் வைக்காதே." "மோட்டாருக்கு எண்ணெய் போடச் சொன்னேனே, போட்டாயா?" "பெரிய போர்வை என் உம்மாவுக்கு, சின்னது உன் உம்மாவுக்கு, மாற்றிவிடாதே." ஒவ்வொன்றுக்கும் ஹாலே சிரித்தது. தங்களிடம் மறைத்துப் பயனில்லை மச்சான், எப்படியும் காதுக்கு வந்துவிடும், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, "ரஃபீக் மச்சான் டேப்ரிக்கார்டர் கேட்டால் ரிப்பேர் என்று சொல்" என்றும் ஒரு வரி இருக்கிறது. அது ரிப்பேர் ஆகவில்லை. தொண்ணூற்றெட்டில் செய்த காரியத்துக்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். "தைலம் யாருக்கும் கொடுக்காதே, குறிப்பாக எதிர்வீட்டுக்கு" என்ற வரியை எதிர்வீட்டு உமாமகேஸ்வரி அம்மாவே கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "கவலப்படாதீங்க சார், நீங்க அனுப்புன வாரமே பீவி எனக்கு ரெண்டு குடுத்துடுச்சு" என்றார்.

மச்சான், சிரித்தவர்கள் சிரிக்கட்டும். எல்லாரும் சாப்பிடப் போன பிறகு நான் தனியாக அந்தப் பலகை முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, மேலிருந்து கீழே வரை ஒரு நாடா விடாமல் படித்தேன். அதைச் செய், இதைச் செய்யாதே, சொன்னது என்னாயிற்று, ஏன் பதில் இல்லை. வேறு எதுவுமே இல்லை. அப்படியா நான் எழுதினேன்? மேல்தட்டில் படுத்துக்கொண்டு நான் நினைத்ததெல்லாம் அது இல்லையே. அவளை நினைத்தேன். தஹ்ஸீன் பிறந்தபோது குழந்தையின் கை எப்படி இருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததில் ஒன்றுகூடவா எழுதாமல் விட்டேன்? எழுதியிருந்தால் அதை மட்டும் ஏன் வைக்கவில்லை? நல்லதாக ஒரே ஒரு வரி வைத்திருந்தாலும் போதும், மற்றதை ஊரே படித்துச் சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. காவலுக்கு இருந்தவர், "பசை நெடி கண்ணக் குத்துதுல்ல?" என்றார், ஆமாம் என்றேன்.

இத்தனை வருஷம் இந்த வீட்டுக்கு நான் ஒரு விரல் நீட்டுகிற தகரக் கையாக மட்டும்தான் இருந்தேனா என்பது எனக்குத் தெரிய வேண்டும். நேரில் கேட்கத் தைரியமில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்? பெட்டியும் இல்லை.

இப்போது அந்தப் பலகையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். வருகிற சனிக்கிழமை புதுச்சேரியில் பெரிய கண்காட்சிக்குப் போகிறது. காரைக்கால் சிரித்தது போதாதென்று புதுச்சேரியும் சிரிக்க வேண்டுமா? ஆகையால் தாங்கள் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு இங்கே வந்து, தொழுகை முடிந்து சாப்பிட்ட பிறகு (ஆட்டுக்கறி எடுக்கச் சொல்கிறேன், தாங்கள் வந்தால் அவள் கையைக் கழுவிக்கொண்டு சமைப்பாள்), மூத்தவர் என்கிற முறையில் இரண்டு உத்தரவு போட வேண்டும். ஒன்று, அந்த ஆள் புதுச்சேரிக்குப் போகக்கூடாது. இரண்டு, என் கடிதங்களைப் பிய்த்தெடுத்து என்னிடம் ஒப்படைக்க வேண்டும். நான் எழுதியதாகத் தாங்கள் காட்டிக்கொள்ள வேண்டாம், தற்செயலாக வந்தது போல இருக்கட்டும். தங்கள் சொல்லை அவள் தட்ட மாட்டாள். என் சொல்லைத்தான் கத்தரித்துவிட்டாளே.

அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஹயாத்தையும் குறைவில்லாத பரக்கத்தையும் தந்தருள்வானாக. மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம். வெள்ளிக்கிழமை தங்கள் முகம் காண வாசலில் நிற்கும்,

தங்கள் மாப்பிள்ளை,
கமாலுதீன்.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை வர வேண்டாம். மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், டேப்ரிக்கார்டர் மன்னிப்பைத் தவிர. கடிதத்தை முடித்து உறைக்குள் போட்டேன், ஒட்டப் பசை இல்லை. இந்த வீட்டில் பசை யாரிடம் இருக்கிறதென்று தங்களுக்குத் தெரியும். போய்க் கேட்டேன். வாங்கிப் பார்த்தாள், பிரித்தாள், நின்றபடியே முழுதும் படித்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய், ரேஷன் கார்டும் ஆதாரும் வைக்கிற பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள். ரேஷன் கார்டுக்குப் பின்னால் நீலத் தாள் நறுக்குகள், தனித்தனியாக, பசை படாமல்.

"நீங்க நல்லதா எழுதுனது மொத்தம் பதினோரு வரி. இதப் போயி எப்புடி ஆணியில மாட்டுறது?" என்றாள்.

பத்து வருஷத்தில் பதினோரு வரி, மச்சான். எடுத்துப் படித்தேன். பாதி எனக்கு ஞாபகமே இல்லை. ஒன்றில், "இன்று இங்கே மழை. மாடிக் கொடியில் உன் துணி நனையுமே என்று நினைத்துவிட்டேன், எடுத்துவிடு" என்று எழுதியிருக்கிறேன். துபாயில் பெய்த மழைக்கு.

"இதுலயும் கடைசியில ஒரு உத்தரவு இருக்கு. போனாப் போவுதுன்னு எடுத்து வச்சேன்" என்றாள். சொல்லும்போது சிரித்தாள், கண்ணைப் புறங்கையால் துடைத்தாள், பசை ஒட்டிக்கொண்டது. நான் ஈரத்துணி கொண்டுவந்து துடைத்துவிட்டேன்.

பிறகு அவள் எதிரே உட்கார்ந்தேன். கடிதம் என்றால் எழுதிவிடுவேன், எதிரே உட்கார்ந்திருப்பவளிடம் என்ன சொல்வது? ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "சாப்டியா புள்ள?" என்று கேட்டேன்.

"மணி மூணாவுது. வந்து எட்டு மாசத்துல இன்னிக்கித்தான் கேக்குறீங்க" என்றாள். அப்புறம் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்து, "அத எழுதிக் குடுங்க" என்றாள்.

வீட்டில் வேறு நல்ல தாள் இல்லை, எல்லாம் வெட்டுப்பட்டுவிட்டது. இந்தக் கடிதத்தின் கடைசித் தாள் பாதியாக இருப்பது அதனால்தான்.