கன்னத்தில் ஒரு கீறல், வீடு நிறைய நெல்லி ரசம்

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். டவுனுக்குப் போய் முகம் வழித்துக்கொண்டு வருவது.

அடுத்த நாள் நானும் அம்மாவும் தர்சினி வீட்டுக்குப் போய், "எங்களுக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டு வருவதாக ஏற்பாடு. புரோக்கர் கொண்டுவந்த பேச்சுத்தான். ஆனால் நானும் தர்சினியும் ஃபோனில் கதைத்துப் பார்த்ததில் இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிருந்தது. அந்த ஒரு வசனத்தைச் சொல்வதுதான் பாக்கி. அதற்காகத்தான் இந்த முகம் வழிப்பு.

சலூனில் எனக்கு முன்னால் ஒருவர் இருந்தார். அவருக்கு முடிந்ததும் நான் ஏறி உட்கார்ந்தேன். சலூன்கார அண்ணன் என் முகத்தை ஈரத் துவாயால் துடைத்தார். துவாயை எடுத்தபோது கத்தி அவர் கையில் இருந்தது.

பிளேட் மாற்றினாரா? நான் காணவில்லை. நான் துவாய்க்குள் இருந்தேன்.

"அண்ணன், பிளேட் புதுசா?" இவ்வளவுதான் கேட்கவேண்டியது.

கேட்க முடியவில்லை. ஏனென்றால் சற்று முன்னர்தான் அவர், "சேர் என்ன வேல?" என்று விசாரித்திருந்தார்.

"கம்பஸ் முடிச்சிட்டன் அண்ணன். நியமனம் பாத்துக்கொண்டிருக்கன்" என்றேன். வேலை இல்லை என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்லப் பட்டம் எடுத்திருக்கவேண்டும்.

அவர் உடனே காற்றாடியை என் பக்கம் திருப்பிவிட்டார். தனக்கு வந்த காற்றை உங்களுக்குத் திருப்பிவிட்ட மனிதரிடம் பிளேட்டைப் பற்றி எப்படிக் கேட்பது?

கன்னத்தில் சுரீரென்றது.

"சின்னக் கீறல்தான் சேர்" என்று சொல்லிக்கொண்டே படிகாரக் கல்லை எடுத்து என் கன்னத்தில் தேய்த்தார். அதே கல்லை எனக்கு முன்னால் இருந்தவரின் தாடையிலும் தேய்த்திருந்தார். அதை மட்டும் தெளிவாகக் கண்டிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அதனால் ஒரு கீறலை வைத்து இணையத்தில் நோய் தேடிப் பார்த்த முதல் ஆளும் நான்தான். காலஞ்சென்ற என் அப்பா வயலில் கால் வெட்டுப்பட்டால் சாம்பலைப் பூசிவிட்டு மீதி வயலையும் உழுவார். நான் பஸ் நிலையத்துக்குப் போகுமுன்னரே எச்.ஐ.வி.யில் தொடங்கி ஈரல் அழற்சிவரை வாசித்து முடித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்: "அம்மா, நாளைக்குப் போகேலாது."

"ஏன்டா மனே?"

காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது. இது நல்ல குணம் என்று ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"ஒரு காரணம் இருக்கு" என்றேன்.

அம்மாவுக்கும் பொய் வராது. தர்சினி வீட்டுக்கு ஃபோன் எடுத்து உள்ளதை உள்ளபடி சொன்னார்: "நாளைக்கு வரேலாமக் கிடக்கு. தம்பிக்கு ஒரு காரணம் இருக்காம்."

கலியாணப் பேச்சில் இதைவிட மோசமான வசனம் எங்கள் மாவட்டத்தில் கிடையாது.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் போவார். ஆகவே மாப்பிள்ளை இழுத்தடித்தால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான்: வீடு பிடிக்கவில்லை. தர்சினியின் அப்பா கரடியனாற்றுப் பக்கம் வயல் செய்கிறவர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அன்று பின்னேரமே ஒரு மேசனைக் கூட்டிக்கொண்டு வந்து மகளுக்குக் கட்டிய வீட்டின் நிலத்தைக் காட்டினாராம். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எச்.ஐ.வி.யும் பாலியல் நோய்களும் பார்க்கிற அந்தக் கிளினிக் நடையின் கடைசியில் இருந்தது. கதவைத் தாண்டிப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் தாண்டிப் போனேன். காவலாளி எழும்பி வந்து, "தம்பி, நீங்க தேடுற கிளினிக் இதுதான்" என்றார்.

உள்ளே நேர்ஸ் அக்கா ஒரு நம்பர் தந்தார். "இங்க பேர் சொல்லிக் கூப்பிட மாட்டம். பயப்படாதீங்க."

டொக்டர் அம்மா என் கன்னத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "எங்க காயம்?"

காட்டினேன்.

"ம். வேற ஏதாவது நடந்ததா? ஊசி, உறவு, ரத்தம் ஏத்தினது?"

"ஒண்டும் இல்ல டொக்டர்."

"ஒண்டுமே இல்லையா?"

"எனக்கு நியமனமே இன்னும் வரேல்ல டொக்டர்."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "தம்பி, சலூன் கீறலால எச்.ஐ.வி. வந்ததா நான் இந்தக் கதிரையில இருந்து ஒருநாளும் காணேல்ல. அந்தக் கிருமி வெளியில கன நேரம் தாக்குப்பிடிக்காது. ஈரல் அழற்சிதான் பிளேட்டால வரக்கூடியது. அதுக்கும் வாய்ப்புக் குறைவு. அதுக்குத் தடுப்பூசி இருக்கு, இண்டைக்கே தொடங்கலாம்."

நான் என் மற்றச் சந்தேகங்களையும் கேட்டேன். நுளம்பு கடித்தால் வருமா? வராது. ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் குடித்தால்? வராது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் தும்மினால்? "தடிமன் வரும்" என்றார்.

"அப்ப இண்டைக்குச் சோதிச்சா எல்லாம் தெரிஞ்சிடுமா?"

"இண்டைக்கு எடுக்கிற ரத்தம் பழைய கதையைத்தான் சொல்லும். சலூன் கதை அதில வராது. ஆறு கிழமை கழிச்சு ஒருக்கா வாங்க, மூண்டு மாசத்தில இன்னொருக்கா. அதோட சரி."

"டொக்டர், ஒரு பெண்ணுக்குச் சம்மதம் சொல்லவேண்டிக் கிடக்கு. சொல்லலாமா?"

"கலியாணம் நாளைக்கா?"

"இல்ல."

"அப்ப சொல்லுங்க! ஏன் என்னட்டக் கேக்கிறீங்க?"

கவனமான ஆட்கள் இப்படிப்பட்ட பதிலை ஏற்றுக்கொள்வதில்லை. ஆறு கிழமை முடியட்டும், பிறகு சொல்வோம் என்று முடிவெடுத்து அவரிடமே சொன்னேன். டொக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு அடுத்த நம்பரைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே வந்தேன். முழங்கை மடிப்பில் பஞ்சு. எதிரே ஜவாஹிர் நானா.

ஜவாஹிர் நானா காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் புடவை மூட்டை கட்டிக்கொண்டு வந்து வீடு வீடாக விற்கிறவர். வாவிக்கு மேற்கே அவர் நுழையாத கடப்படி இல்லை. எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்கு எத்தனையாம் நம்பர் சேட் சரிவரும் என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்குத் தன் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க வந்திருந்தார்.

"ரூபன் தம்பி! நீங்க இங்க? ரத்தமெல்லாம் எடுத்திருக்காங்க?"

"ஒரு செக்கப் நானா."

அவர் பார்வை என் பின்னால் இருந்த கதவுக்குப் போனது. கதவின் மேலிருந்த பலகைக்குப் போனது. மெதுவாகக் கீழிறங்கியது.

"ஒண்டும் யோசிக்காதீங்க மகன். நான் துஆச் செய்றன். ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன்."

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எந்தக் கிளினிக் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கண்டதை மட்டும்தான், மிகுந்த கவலையோடு, எங்கள் ஊரிலிருந்து தர்சினியின் ஊர்வரைக்கும் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்.

எங்கள் ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் பார்க்கப் போகாமல் இருப்பது குற்றம். வெறுங்கையோடு போவது அதைவிடக் குற்றம். பொழுதுபடுமுன்னரே முதல் நெல்லி ரசப் போத்தல் வந்து இறங்கியது. பின்னால் தோடம்பழம். அதன் பின்னால் பக்கத்து வீட்டுப் பாக்கியம் மாமி.

நான் முற்றத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஒழும்பி நடக்கிறியாடா மனே? படு, படு!" என்றார் மாமி. "என்ன வருத்தம்? டெங்குவா?"

"இல்ல மாமி."

"எலிக்காய்ச்சலா? வயலுக்குள்ள இறங்கினியா?"

"இல்ல."

"சீனியா?"

"இல்ல மாமி."

"பிரசர்? மூலம்? நாரிப் பிடிப்பு?"

"இல்ல, இல்ல, இல்ல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் ஒவ்வொரு "இல்ல"யும் உண்மையாகச் சொல்லச் சொல்ல, மரியாதையான வருத்தங்கள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டு போயின. மாமியிடம் இன்னும் ஒரேயொரு வருத்தம்தான் மிச்சமிருந்தது. அதை அவர் வாயால் சொல்லவில்லை. கொண்டுவந்த போத்தலை உள்ளே மேசையில் வைத்துவிட்டு, கதிரை நுனியில் ஒரு நிமிசம் இருந்து எழும்பி, "தேத்தண்ணி வேணாங்கா, இப்பதான் குடிச்சன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பாக்கியம் மாமி எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் வேண்டாம் என்றது அதுதான் முதல் தடவை. ஒரே கோப்பையில் குடித்தால் வராது என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

அம்மா என்னைப் பார்த்தார். "டேய், உனக்கு என்ன?"

"ஒண்டும் இல்லம்மா."

"ஒண்டும் இல்லாததுக்கு எதுக்குடா இத்தின போத்தல்?"

அடுத்த நாள் காலையில் தர்சினி ஃபோன் எடுத்தாள்.

"சுகமில்லையாம் எண்டு புடவை நானா சொன்னார். உங்களுக்கு என்ன எண்டு எனக்குத் தெரியாது. ஊர் முழுக்கத் தெரிஞ்சிருக்கு."

"ஊருக்கும் தெரியாது" என்றேன். "ஆறு கிழமை பொறுங்க, சொல்றன்."

"அப்பா இப்ப உங்கட வீட்டுக்குத்தான் வாறார். அவர் நிலத்துக்கு மாபிள் போடச் சொல்லிட்டார், அது காணாதாக்கும் எண்டு நினைக்கிறார். அம்மா, உங்களுக்குச் சாகப்போற வருத்தம் எண்டு அழுறா. நான் என்ன நினைக்கிறன் தெரியுமா? உங்களுக்கு என்னைப் பிடிக்கேல்ல."

"ஐயோ, அப்பிடி இல்ல!"

"அப்ப அப்பாட்ட உண்மையச் சொல்லுங்க. இண்டைக்குச் சொல்லாட்டி ஆறு கிழமைக்குப் பிறகு சொல்லத் தேவையில்ல."

வைத்துவிட்டாள்.

கடப்படியில் மோட்டார் சைக்கிள் நின்றது. தர்சினியின் அப்பா வெள்ளைச் சேட், புதுச் சாரன், கையில் நெல்லி ரசத்தோடு இறங்கினார். மரியாதைக்காக முகம் மழமழவென்று வழித்திருந்தார். தாடையில் ஒரு சின்னப் பஞ்சு ஒட்டியிருந்தது.

கதிரையில் இருந்தார். தொண்டையைச் செருமினார். "தம்பி, முன் விறாந்தைக்கும் மாபிள் போடலாம். குசினிக்குத்தான் கொஞ்சம் பொறுக்கவேணும்."

"மாமா, வீட்டில ஒரு குறையும் இல்ல. எனக்குத் தர்சினியையும் நல்லாப் பிடிச்சிருக்கு. பிரச்சினை..." என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். துவாய், கத்தி, கீறல், படிகாரம், கிளினிக், ஆறு கிழமை. அவருடைய மகளுக்கு ஒரு தீங்கும் என்னால் வரக்கூடாது என்பதையும் சொன்னேன்.

அம்மா, "இதுக்காடா?" என்று தலையில் கைவைத்தார்.

மாமா சிரிக்கவில்லை.

"எந்தச் சலூன்?"

"டவுனில, பஸ் நிலையத்துக்குப் பின்னால. பச்சைக் கதவு."

மாமாவின் கை மெதுவாக மேலே போனது. தாடையில் இருந்த பஞ்சைத் தொட்டது.

"இங்க வாறதுக்காகத்தான் போனன்" என்றார்.

"பிளேட் புதுசா மாமா?"

"கேக்கேல்ல. நல்ல மனிசன். எனக்குக் காத்தாடியத் திருப்பிவிட்டவன்."

நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நெல்லி ரசப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆறு கிழமைக்குப் பிறகு அந்தக் கிளினிக் வாங்கில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். நேர்ஸ் அக்கா நம்பரைக் கூப்பிட்டார். மாமா எழும்பி நின்று, வயலில் ஆள் கூப்பிடுகிற குரலில், தன் முழுப்பெயர், அப்பாவின் பெயர், ஊர் எல்லாம் சொல்லி, "நான்தான், வந்திரிக்கன்!" என்றார். நடை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

எங்கள் இருவரையும் ஒன்றாகக் கண்ட டொக்டர் அம்மா கதவைச் சாத்திவிட்டுத்தான் சிரித்தார். வெளியே கேட்டது.

இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. மூன்றாம் மாதம் வந்ததும் அதே முடிவுதான்.

ஆனால் ஆறாம் கிழமையே நான் வாசலில் வைத்து மாமாவிடம், "எங்களுக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வசனத்தைக் கிளினிக் பலகைக்குக் கீழே நின்றுதான் சொல்லக் கிடைத்தது. மாமா கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நேரம் பார்த்து ஜவாஹிர் நானா மருந்துப் பையோடு வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

"யா அல்லாஹ்" என்றார். "மாமனும் மருமகனுமா?"

அன்று பின்னேரம் மாமா வீட்டுக்கு ஆட்கள் வரத்தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் மிஞ்சிக் கிடந்த நெல்லி ரசத்தை எடுத்துக்கொண்டு அம்மாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

கலியாணத்துக்கு முதல் நாள் மாமா என்னைப் பச்சைக் கதவுச் சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கதிரையில் ஏறியதும் அவரே கேட்டார், ஊருக்கே கேட்கும்படி: "தம்பி, பிளேட் புதுசா?"

சலூன்கார அண்ணன் கோபப்படவில்லை. ஒரு புதுப் பிளேட்டை உறையோடு தூக்கிக் காட்டி, எங்கள் கண் முன்னாலேயே உடைத்துக் கத்தியில் போட்டார்.

"நான் எப்பவும் ஆளுக்கு ஒண்டுதான் ஐயா. அண்டைக்குச் சேருக்குப் போட்டதும் புதுசுதான். அதாலதான் வெட்டினது."

படிகாரத்தைப் பற்றி மாமா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.