கோபக்கார லேத்

அலைவரிசை ஐயா வருகிறார் என்று தெரிந்ததும் தையல்காரரின் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் ஓடாத மிக்ஸியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். இன்னொருவர் சார்ஜ் ஏறாத செல்போனோடு வந்தார். பக்கத்து வீட்டு அம்மாள், வாய் திறந்து பேசாத தன் கணவரையே கையோடு கூட்டி வந்துவிட்டார். எதற்குள் கெட்ட அலை புகுந்தாலும் விரட்டிவிடுவது ஐயாவின் தொழில். மிக்ஸிக்கு ஒரு செம்புச் சுருள் கொடுப்பார். கணவருக்கும் அதே சுருள்தான். விலையில் மட்டும் வித்தியாசம், கணவருக்கு மலிவு.

தையல்காரரின் கஷ்டம் அவர் ஆசை ஆசையாய் வாங்கிய லேத், அதாவது கடைசல் மெஷின். தைக்கிற சட்டைக்குப் பித்தளைப் பொத்தானைத் தானே கடைந்து வைக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் கனவு. பழைய லேத் ஒன்றை வாங்கிப் பின்னறையில் போட்டார். கொஞ்ச காலம் சமர்த்தாக ஓடியது. பிறகு ஒரு நாள் சுவிட்சைப் போட்டதும் ‘டப்’. வீடே அணைந்தது. கோளாறு என்றால் கரண்டைத் தானாக வெட்டிவிடும் டிரிப்பர் மெயின் போர்டில் விழுந்திருந்தது. தூக்கிவிட்டு மறுபடி போட்டார். மறுபடி டப். மாடியில் அக்காவின் டிவியும் கூடவே அணைந்தது.

அக்கா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். டிக்கெட் எடுக்காதவனை முகத்தை வைத்தே பிடித்துவிடுவாள்.

“டேய், யாரையாவது கூப்பிட்டு அதை என்னன்னு பாரு.”

“கூப்பிட்டுட்டேன்க்கா. அலைவரிசை ஐயாவையே வரச் சொல்லியிருக்கேன்.”

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஐயா வந்தார். வாசலிலேயே எல்லோருக்கும் சுருள் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டு, கூட்டத்தோடு பின்னறைக்குப் போய் லேத்தின் மேல் காதை வைத்துக் கேட்டார். அது என்ன சொன்னதோ, உச்சுக் கொட்டினார்.

“இதை முன்னாடி வச்சிருந்தவன் அல்பாயுசுல போயிட்டான். அந்தக் கோபம் இரும்புல இறங்கியிருக்கு.”

“அவரை நேத்துகூட மார்க்கெட்ல பாத்தேனே, ஐயா,” என்றார் தையல்காரர்.

“அவனுக்கு முன்னாடி வச்சிருந்தவன்,” என்றார் ஐயா, கொஞ்சமும் அசராமல். கூட்டம் சிலிர்த்துப்போனது.

“எல்லாரும் கண்ணை மூடுங்க. திறந்தா பார்வை போயிடும்.”

இருக்கிற பார்வையை யார் இழப்பார்கள்? எல்லோரும் இறுக மூடிக்கொண்டார்கள். ஐயா சுவரோரம் போய், மெயின் போர்டுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

“கோபம் இருந்தா விளக்கை அணைச்சுக் காட்டு.”

டப். பல்பு அணைந்தது, ஃபேன் நின்றது. லேத்தின் சுவிட்சை யாரும் தொடவே இல்லை. கண்ணைத் திறந்த தையல்காரர் இரண்டடி பின்வாங்கினார்.

“இது சுருளுக்கெல்லாம் அடங்காது. வீட்டுல வச்சிருந்தா உயிர்ச்சேதம். எடைக்கு எடுத்துக்க நம்ம மச்சான் இருக்கான், ஏத்தி விட்டுடுங்க.”

மச்சானின் வண்டி காலையிலிருந்தே தெருமுனையில் நின்றிருந்தது. வழக்கு நடக்கும் முன்பே தூக்குக் கயிற்றோடு ஆள் வந்து காத்திருந்த மாதிரி.

தையல்காரர் டிரிப்பரைத் தூக்கிவிட்டு வந்து லேத்தை ஒருமுறை தடவிக்கொடுத்தார். “எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க,” என்றார்.

“இருங்க ஐயா,” என்றாள் அக்கா. அவள் லேத்துக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடிவிட்டு நிமிர்ந்தாள். “எனக்குச் சரியா விளங்கல. இன்னொரு தடவை கேட்டுக் காட்டுங்களேன்.”

ஐயாவுக்குக் கசக்குமா? கண்கள் மூடின. முதுகு போர்டுக்குப் போனது. டப்.

“எல்லாரும் கண்ணைத் திறங்க,” என்றாள் அக்கா. அவள் கையில் ஒரு பிளக் தொங்கியது. “லேத்தோட பிளக் இது. நான் குனிஞ்சப்பவே பிடுங்கிட்டேன். பிளக்கே மாட்டாத மெஷின் வீட்டு லைட்டை எப்படி அணைக்கும்?”

“அலைக்கு ஒயர் எதுக்கும்மா?” என்றார் ஐயா. அதுவும் சரிதானே என்று கூட்டம் தலையாட்டியது. கூட்டத்தின் கழுத்து அதற்குப் பழகியது.

“அப்ப ரூமுக்கு நடுவுல வந்து நின்னு கேளுங்க. என் தம்பி உங்க ரெண்டு கையையும் பிடிச்சுப்பான்.”

தையல்காரர் டிரிப்பரைத் தூக்கிவிட்டு வந்து பிடித்துக்கொண்டார். ஐயா கேட்டார். அதட்டினார். கெஞ்சினார். பல்பு பாட்டுக்கு எரிந்தது. பிடித்த கைகள் வியர்த்து வழுக்குவது தையல்காரருக்குத் தெரிந்தது. நமக்குத்தானே வியர்க்க வேண்டும், இவருக்கு ஏன் வியர்க்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

“இன்னைக்கு அதுக்கு மூடு சரியில்ல,” என்றார் ஐயா.

“நான் அரைக்கண்தான் மூடியிருந்தேன். பார்வை ஒண்ணும் போகல,” என்றபடி அக்கா போர்டுக்குப் போனாள். டிரிப்பரில் குட்டியாக ஒரு பொத்தான் இருந்தது. டிரிப்பர் ஒழுங்காக விழுகிறதா என்று சோதிப்பதற்காகக் கம்பெனிக்காரர்களே வைத்தது. அதை அமுக்கினாள். டப். “என் விரல்லயும் கோபம் இறங்கிடுச்சு போல.”

அப்போது, பேசாத கணவர் பேசினார்.

“என் சுருள் காசைத் திருப்பிக் குடு.”

அன்று நடந்த அற்புதம் அது ஒன்றுதான். அவர் ஆரம்பித்ததும் எல்லோரும் கேட்டார்கள். கொடுத்து முடித்துவிட்டு ஐயா ஓடினார். மச்சானின் வண்டி லேத்துக்குப் பதிலாக ஐயாவை ஏற்றிக்கொண்டு போனது.

“அப்ப அவர் வர்றதுக்கு முன்னாடி நிஜமாவே டிரிப் ஆச்சே, அது எதனாலக்கா?”

“எனக்கென்னடா தெரியும்? உன் மெஷின். நீ பாரு.”

தையல்காரர் பார்த்தார். அதே பிளக் பாயிண்டில் இஸ்திரிப் பெட்டியைச் செருகிப் போட்டார். சூடானது, டிரிப்பர் விழவில்லை. லேத்தைச் செருகினார், விழவில்லை. லேத்தின் சுவிட்சைப் போட்டார், விழுந்தது. அப்படியானால் வினை சுவிட்சிலோ அதைத் தாண்டியோதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு சுவிட்சின் மூடியைக் கழற்றினார். உள்ளே எண்ணெயில் ஊறிய பித்தளைச் சீவல், மோட்டாருக்குப் போகும் ஒயர் முனைக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவே பாலம் போட்டுக் கிடந்தது. அத்தனையும் அவரே கடைந்த பொத்தான்களின் சீவல்; உடைந்த மூடி ஓரமாக உள்ளே போயிருந்தது. பிரஷால் தள்ளித் துடைத்து, ஓட்டையை அடைத்து, சுவிட்சைப் போட்டார்.

லேத் ஓடியது. பல்பு எரிந்தது. தையல்காரர் தன்னந்தனியாக நின்று சிரித்தார்.

மறுநாள் காலையில் அக்காவின் மாடிப்படியில் வரிசை நின்றது. முதல் ஆள் மிக்ஸிக்காரர்.

“அம்மா, உங்க விரலை இதுல ஒரு தடவை வச்சீங்கன்னா போதும்.”

அக்கா அந்த வரிசையைக் கடைசி வரை பார்த்தாள்.

“வீட்டுக்குப் போய் உக்காந்து யோசிச்சுப் பாருங்க. அதுக்குக் கரண்டுகூட வேண்டாம்.”